பின்னால் போகும் கால்

என் வீட்டம்மாவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை என்பதால் உன் அக்கா வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். இங்கே சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. மற்றபடி எல்லாம் சரிதான்.

கராத்தே மாஸ்டர் என்னைக் கறுப்பு பெல்ட் தேர்வுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். "இடுப்பு கட்டை மாதிரி இருக்கு. கொஞ்ச நாள் வேற ஏதாவது கத்துக்கிட்டு வாங்க" என்றார். நீச்சல் குளத்தை மராமத்துக்காக மூடிவிட்டதால் ஜோடி நடன வகுப்பில் சேர்ந்தேன். ஆமாம், நீ நோட்டீஸ் கொண்டுவந்து காட்டினாயே, அதே வகுப்புதான். சிரிக்காதே.

பெண்கள் குறைவு என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரை எனக்கு ஜோடியாக்கினார்கள். அவர் நெருங்கினால் என் கை தானாக முகத்தை மறைக்கிறது, கால் ஓரடி பின்னால் போகிறது. கராத்தேயில் அதற்குத்தான் பாராட்டு. இங்கே டீச்சர் பாட்டையே நிறுத்திவிட்டார். "சார், அவர் உங்கள அடிக்க வரல. நகராம நில்லுங்க."

அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். நீ பேச வந்தால் நான் போய் உட்காருவேனே, அந்தப் பால்கனி நாற்காலி, அதை எடுத்துக் கூடத்தில் உன் நாற்காலிக்கு எதிரே போட்டிருக்கிறேன். அங்கேயே கிடந்தால் வெயிலில் வீணாகிவிடும்.

நேற்று தபால்காரர் நெருங்கியபோது நகராமல் நின்றேன். டீச்சர் தலையசைத்தார். ஆனால் தபால்காரருக்கு முழங்கால் வலி, இனி வரமாட்டாராம். ஜோடி இல்லாதவர்கள் சுவரோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

வகுப்பு சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு. சும்மா சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நின்ற இடத்திலேயே நிற்கும்
உன் வீட்டுக்காரன்