பத்துக்கு நாலு

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? எட்டுத் தடவை போன் போட்டேன். கிடங்கில் மூட்டை தூக்குகிற கைக்குப் போன் கனக்கிறதாக்கும்! அதனால்தான் கோழி கிறுக்கின மாதிரி இந்தக் கடிதம்.

நகரசபை உங்களையும் சேர்த்து ஆறு பேரை வேலையை விட்டு நிறுத்தியதிலிருந்து நம் ரோட்டு வேலைக் கொட்டகை வெறிச்சென்று கிடக்கிறது. மேஸ்திரியான நானே தொப்பையோடு குனிந்து தார் போடுகிறேன். முந்தாநாள் அடைத்த பள்ளம் நேற்றே வாயைத் திறந்துவிட்டது. "மேஸ்திரி கைராசி அப்படி" என்று லாரி டிரைவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்.

உங்களுக்காக இன்ஜினியரிடம் எவ்வளவோ மல்லுக்கட்டினேன். மனுஷன் மசியவில்லை. தங்கச்சியிடமும் சொல்லுங்கள்.

அன்புடன்,
மச்சான்

மார்ச் 9

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். "பாத்தீங்களா, எங்கண்ணன் உங்களுக்காகச் சண்டையே போட்டிருக்காரு!" என்று உங்கள் தங்கச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. கடிதத்தை இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள்.

வேலையைத் திரும்பக் கேட்டு மனு கொடுக்க 28ஆம் தேதி வரை நேரமிருக்கிறது. ஆட்குறைப்புக்கு முன்னால் நீங்கள் எங்களுக்குப் போட்ட மதிப்பெண் தாளையும் சேர்க்க வேண்டுமாம். என்னுடையதில் ஒரு நகல் அனுப்புங்கள். பதினான்கு வருஷம் உங்கள் கீழே வேலை பார்த்தவன், நல்லபடியாகத்தான் போட்டிருப்பீர்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். பீரோ சாவி தொலைந்துவிட்டது என்று இன்னொன்று. சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது.

உங்களுக்குப் பத்துக்கு நாலு போட்டிருக்கிறேன். வேலையில் மிஞ்சின எல்லாருக்கும் எட்டுக்குக் குறையவில்லை. 'தங்கச்சி புருஷனுக்கு அள்ளிக் கொடுத்துட்டான்' என்று எவனும் பேசிவிடக் கூடாதாம், எனக்கு அவ்வளவு மானம்! எத்தனையோ தாள் வருகிறது, தூசி தின்கிறது, இதுவும் அப்படித்தான் போகும் என்று நினைத்தேன். குறிப்பில் 'வேலையில் சுணக்கம்' என்று வேறு எழுதித் தொலைத்தேன்.

மல்லுக்கட்டியது பச்சைப் பொய். இன்ஜினியர் அறை வாசல் வரை போனேன். பியூன் "என்ன மேஸ்திரி?" என்றான். "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இருபது வருஷமாகப் போய்வருகிற ஆபீஸ்.

மச்சான்

மார்ச் 22

மச்சானுக்கு,

வேலையை விட்டு நிறுத்திய அன்றே தாளைக் காட்டினார்கள். உங்கள் எழுத்து எனக்குத் தெரியாதா? நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்க்கத்தான் நகல் கேட்டேன்.

நாலு போட்டதுகூடப் போகட்டும். கொட்டுகிற மழையில் நான் கழுத்தளவு சாக்கடையில் இறங்கி அடைப்பெடுத்தபோது, குடையோடு மேலே நின்று பார்த்தவர் நீங்கள்தானே? எந்தக் கையால் 'சுணக்கம்' என்று எழுதினீர்கள்?

மனு கொடுக்கப் போவதில்லை. கொடுத்தால் பொய் மதிப்பெண் போட்டதற்கு உங்கள் மேல் விசாரணை வரும். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

மாப்பிள்ளை

மார்ச் 25

மாப்பிள்ளைக்கு,

நேற்றுக் காலை பேர் கூப்பிடும் நேரத்தில், இன்ஜினியரையும் வைத்துக்கொண்டு, கொட்டகையில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். யாராவது தோளைத் தட்டுவார்கள் என்று ஒரு அற்ப ஆசை. டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தான்: "அப்ப எனக்குப் போட்ட எட்டு மட்டும் நெசமா மேஸ்திரி?"

கொல்லென்று சிரிப்பு. நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் கோணியதுதான் மிச்சம். இன்ஜினியர் வருகைப் பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். விசாரணை தொடங்கியாயிற்று. இனிமேல் நீங்கள் காப்பாற்ற ஒன்றும் பாக்கியில்லை. மனுவைக் கொடுங்கள். என் வாக்குமூலத்தின் நகல் இதோடு இருக்கிறது. தபாலை நம்பாமல் டிரைவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

தங்கச்சிக்கும் போனில் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். "வச்சிடவா?" என்றாள். அவ்வளவுதான். கூட ஒரு 'அண்ணா' வரவில்லை.

இன்றிலிருந்து நானும் கூலியாட்களில் ஒருவன். நீங்கள் திரும்பி வந்தால் இரண்டு பேரும் ஒரே லாரியில்தான் போயாக வேண்டும். என்னோடு பேச வேண்டாம். தள்ளி உட்கார்ந்து இடமும் விட வேண்டாம். நான் நின்றுகொண்டே வருகிறேன்.

இன்னும் அப்படிக் கையெழுத்துப் போடலாம் என்றால்,
மச்சான்