இரண்டு தட்டு

ஜனவரி 8, யூமா

துணி துவைத்தேன். இந்தப் பாலைவனத்தில் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. எங்கள் ஊர் நெப்ராஸ்காவாக இருந்தால் இந்நேரம் சட்டை பலகை மாதிரி விறைத்திருக்கும்.

ஷெல்லி போன் செய்தாள். "அம்மா, அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து முழுசா ஒரு குளிர்காலம்கூட ஆகல. அதுக்குள்ள ஊர் சுத்தணுமா? பேசாம எங்க வீட்டுக் கீழ்த்தளத்துல வந்து இருங்க." அங்கே ஒரே ஒரு ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்தபடி. நல்ல பெண்தான், என்ன செய்ய.

ஜனவரி 9

மனசு சரியில்லை. எழுதிவிட்டால் தூக்கம் வரும்.

காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். அதனால் நாங்கள் குடியிருந்தபடியே ஊர் சுற்றும் இந்த வீட்டு வண்டியின் ஸ்டியரிங் என்னுடையது. இழுத்துப் போக அதன் பின்னால் ஜீப்பை மாட்டுவது என் கணவன் வெண்டலின் வேலை. இழுவைக் கம்பியை நீட்டி, இரும்புப் பின்களை ரப்பர் சுத்தியலால் அடித்துச் செருகி, சங்கிலி, விளக்கு வயர் எல்லாம் மாட்டி, ஜீப்புக்குள் ஏறிச் சக்கரங்கள் தாமாக உருளும்படி சின்ன கியரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு வந்து வீட்டு வண்டியின் முதுகில் இரண்டு தட்டு தட்டுவான். அது கேட்டால்தான் நான் கிளப்புவேன். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வண்டி ஓட்டாதே, ஏணி ஏறாதே என்று டாக்டர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார். அவனிடம் மிஞ்சியது இந்த இரண்டு தட்டுதான்.

ஜீப் மாட்டுகிறவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வீட்டு வண்டிகள் தங்கும் எந்த முகாமுக்குப் போனாலும் இதுதான் சட்டம். பக்கத்து இடத்து டெல்பர்ட்டுக்கும் தெரியும். இன்று நாங்கள் கிளம்பும்போது வாய் சும்மா இருந்தால்தானே! "என்னய்யா வெண்டல், சில்லி சமையல் போட்டில தோத்துடுவோம்னு பயந்து ஓடறியா?" என்று வந்து நின்றுவிட்டான். கண்ணாடியில் பார்த்தேன். வெண்டல் பாதியில் எழுந்து நின்று சிரித்தான், என்னவோ பதில் சொன்னான். அப்புறம் இரண்டு தட்டு.

நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்காரர் விடாமல் ஹார்ன் அடித்தார். பின்புறக் கேமராவில் பார்த்தால் ஒரே புகை. ஹேண்ட் பிரேக் இறக்கவே இல்லை. ஜீப்பின் பின் டயர் இரண்டும் தேய்ந்து உள்கம்பி தெரிந்தது. ரப்பர் கருகிய நாற்றம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

நான் வெண்டலைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜனவரி 12

புது டயர் போட்டாயிற்று. ஷெல்லியிடம் மூச்சு விடவில்லை.

ஜனவரி 17, அஹோ

இப்போதெல்லாம் இரண்டு தட்டு கேட்டதும் கண்ணாடி துடைக்க வேண்டும் என்று சொல்லி இறங்கிப் போய், ஜீப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்று மாட்டிக்கொண்டேன். வெண்டல் பின்னாலேயே நின்றிருக்கிறான்.

"கண்ணாடி தொடைக்க வந்தவளுக்கு ஜீப்புக்குள்ள என்ன வேலை?"

"சும்மாதான்..."

"உன் பஸ்ஸுல வர்ற பொடியன்னு நினைச்சியா என்னை? எண்ணி எண்ணிப் பார்க்கிறே?"

எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஆமா, எண்ணித்தான் பார்ப்பேன்! ஒவ்வொரு நாளும் கடைசி சீட் வரைக்கும் நடந்து பார்த்துட்டுத்தான் பஸ்ஸைப் பூட்டுவேன். புள்ளைங்க மேல நம்பிக்கை இல்லாமலா? ஏதாவது ஒண்ணு தூங்கிப் போயிருக்கும்னு!"

ரப்பர் சுத்தியலை என் கையில் வைத்தான். "அப்ப நீயே பண்ணிக்கோ."

ஜனவரி 18

ஜீப்பின் ஜன்னலில் ஓர் அட்டை: விற்பனைக்கு. அவன் கையெழுத்து.

ஜனவரி 26

மேகமே இல்லாத நாள். அவன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மலையைப் பார்க்கிறான். நான் பீன்ஸ் வேகவைத்தேன். அவனுக்குப் பிடித்தபடி காரம் தூக்கலாக. "நல்லாருக்கு" என்றான். இன்று முழுக்க அவன் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். கல்லுளிமங்கன்.

ட்யூசானிலிருந்து ஒருவர் ஜீப்பைப் பார்க்க வருகிறாராம். ஜீப் போய்விட்டால் ரொட்டி வாங்கக்கூட வீட்டையே கட்டிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். பாறைத் தடங்களில் விடியற்காலையில் நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து "இடது சக்கரத்தை அந்தக் கல்லு மேல ஏத்து" என்று அவன் சொல்வதெல்லாம் இனி ஏது? அப்புறம் ஷெல்லி வீட்டு ஜன்னல்தான்.

பிப்ரவரி 3

இன்று நானே ஜீப்பை மாட்டிக் கிளம்பி, வழிகாட்டும் கருவியை நம்பித் திரும்பினேன். மண் பாதை. போகப் போகக் குறுகி, ஒரு காய்ந்த ஓடைக்கரையில் முடிந்துவிட்டது. ஜீப்பை மாட்டிக்கொண்டு பின்னால் எடுக்க முடியாது. எடுத்தால் அதன் முன்சக்கரங்கள் கோணிக்கொண்டு கம்பியை முறித்துவிடும். கழற்றத்தான் வேண்டும். நானோ திரும்ப இடம் தேடி வளைத்து நிறுத்தியிருந்தேன். கம்பி இறுகி, பின்கள் இரண்டும் அசையவில்லை. அடித்தேன், அடித்தேன், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. வெண்டல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்! எனக்கு இது தெரியல வெண்டல், நிஜமாவே தெரியல." அழுகை வந்துவிட்டது. சுத்தியலைத் தரையில் வீசினேன்.

எழுந்து வந்தான். கம்பியைத் தொட்டுப் பார்த்தான்.

"உன் மேல தப்பில்ல. அது இழுத்துக்கிட்டு நிக்குது. ஜீப்ல ஏறி, கியர்ல போட்டு, ஒரு பொட்டு முன்னால விடு. ஒரு பொட்டுதான், பஸ்ஸு மாதிரி பறக்காத."

விட்டேன். அவன் வலது கையால் ஓர் அடி. ஒரு பின் தெறித்து விழுந்தது. இன்னோர் அடி. ஸ்ட்ரோக்கில் தளர்ந்த இடது கையால் கம்பியைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் இறங்கி ஓடிப்போய்த் தூக்கினேன். போ என்று சொல்லவில்லை.

ஜீப்பை வழிவிட்டு ஓரங்கட்டிவிட்டு, அவன் கை காட்டக் காட்ட வீட்டு வண்டியைத் தார்ச்சாலை வரை பின்னால் எடுத்தேன். திரும்ப நடந்துபோய் ஜீப்பைக் கொண்டுவந்தோம். மாட்டும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னான். "பின்?" "போட்டாச்சு." "சங்கிலி?" "ஆச்சு." "ஹேண்ட் பிரேக்?" கேட்டுவிட்டு நிறுத்தினான். முகம் சிவந்துவிட்டது.

"டெல்பர்ட் நாக்கை வெட்டணும்" என்றேன்.

சிரித்துவிட்டான். யூமாவுக்குப் பிறகு இன்றுதான்.

பிப்ரவரி 4

ட்யூசான்காரர் போன் செய்தார். வெண்டல் எடுத்தான். "மன்னிக்கணும் சார், வித்தாச்சு." யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 7

மடக்கு மேசை ஆடிக்கொண்டே இருந்தது. இன்று ஆடவில்லை. குனிந்து பார்த்தேன். காலுக்குக் கீழே அந்த 'விற்பனைக்கு' அட்டை, நாலாக மடித்து.

பிப்ரவரி 11

கிளம்புகிற நாள். இந்த முகாமிலும் ஒரு டெல்பர்ட் உண்டு. பெயர்தான் வேறு. காபிக் கோப்பையோடு வந்தவரிடம் வெண்டல் நிமிராமலே சொன்னான்: "அப்புறமா வாங்க. ரெண்டு பேரும் வேலையா இருக்கோம்."

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். தட்டு வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால், ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

இறங்கிப் போனேன்.

"வாங்க மேடம். கடைசி சீட் வரைக்கும் பார்த்துடுங்க."

குனிந்து பார்த்தேன். சின்ன கியர் நியூட்ரலில். ஹேண்ட் பிரேக் கீழே.

"யாரும் தூங்கல" என்றேன்.

கதவைச் சாத்தினான். நான் போய் ஏறி உட்கார்ந்தேன். முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. கிளப்பினேன்.