ஒலி இல்லை, பழுது

மார்ச் 3

எங்கள் காப்பகத்தின் நானூறு வீடியோவுக்கும் விவரப் பட்டியல் முடிந்தது. தலைப்பு, பேசுபவர், மொழி, நாள், நிலை என்று தரநிலை கேட்கும் பதினைந்து கட்டத்தில் ஒன்றுகூடக் காலி இல்லை. மேலாளர் எல்லார் முன்னாலும், "இவங்களைப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 31

பழுது என்று குறித்த கோப்புகளை அழிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நாளுக்கு ஒன்றிரண்டாக.

ஏப்ரல் 2

தையல்கடை வைத்திருக்கும் ஒரு பெண், அப்பாவோடு வந்தாள். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. இறந்துபோன அம்மாவும் அப்படித்தானாம். "அவங்க சங்கத்துல எங்கம்மா பேசுனதை வீடியோ எடுத்தாங்க. இங்கதான் குடுத்திருக்காங்களாம்." தேடினேன். அந்தச் சங்கத்தின் பெயரில் ஒன்றும் வரவில்லை. "இல்லைம்மா" என்றேன். அவள் அதைக் கையால் அப்பாவிடம் சொன்னாள். பரவாயில்லை என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 3

பேசுனதை என்றாளே — அந்தப் பேச்சில் ஒலி எங்கே இருக்கும்?

ஓடிப்போய்ப் பார்த்தேன். பழுது என்று நான் குறித்தவை நாற்பத்தொரு கோப்பு. நாடாக்கள் வந்த பெட்டியில் எண் மட்டும்தான் இருந்தது, சங்கத்தின் பெயர் இல்லை. திரையில் ஒலிக்கோடு தட்டையாக இருந்ததும், ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல், மொத்தமாக ஒரே சொடுக்கில் நிரப்பியிருக்கிறேன். மொழி: இல்லை. நிலை: ஒலி இல்லை, பழுது.

ஒன்றைத் திறந்தேன். ஒரு பெரியவர் கையாலேயே யாரையோ திட்டுகிறார். சுற்றி இருப்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

மூன்று ஏற்கெனவே போய்விட்டன. மூல நாடாக்களைப் போன வருடமே தூக்கிப் போட்டாயிற்று.

ஏப்ரல் 4

அழிப்பதை நிறுத்தச் சொன்னேன். கணினிக் கோளாறு என்று காரணம் சொன்னேன். நாக்கு கூசவில்லையே எனக்கு. வீட்டில் அவர், "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார். தலைவலி என்றேன். அதுவும் பொய்.

ஏப்ரல் 7

மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அவங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? இல்லைன்னு சொல்லியாச்சுல்ல" என்றார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 9

வருகைப் பதிவேட்டில் முகவரி இருந்தது. மடிக்கணினியோடு தையல்கடைக்குப் போனேன். முப்பத்தெட்டையும் அப்பா பார்த்தார். அவர் மனைவி எதிலும் இல்லை.

மகளிடம் நடந்ததைச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இதை நான் அவருக்குச் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'திறந்து பார்க்காமலே பழுது என்று போட்டது நான்தான். அதனால் உங்கள் மனைவி பேசியது அழிந்துவிட்டது.' இரண்டு தடவை படித்தார். தாளை என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனார். ரொம்ப நேரம் நின்றேன். அவர் வரவில்லை.

ஏப்ரல் 10

லீவு.

ஏப்ரல் 16

காலை ஒன்பது மணிக்கே அந்தப் பெண்ணின் அப்பா காப்பகத்துக்கு வந்துவிட்டார், தனியாக. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வீடியோவையும் நிறுத்தச் சொல்லி, பேசுபவர் யார், என்ன சொல்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். பத்தொன்பது முடிந்தது. ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சத்துக்கு நாளை வருவதாக எழுதி வைத்துவிட்டுப் போனார்.