கம்பத்துக்கு நேர் மேலே

ஆகஸ்ட் 14, புதன்

நடுவர் பயிற்சி வகுப்பில் எல்லார் முன்னாலும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பள்ளி அமெரிக்கக் கால்பந்துக்கு நடுவராக வந்திருக்கிற புதியவர்களில் நான் மட்டும்தான் பெண். எங்கள் குழுவின் தலைமை நடுவர் ஆரின் ஸ்டாட்லர் பாடம் நடத்தினார். ஆட்டத் தொடக்கத்தில் உதைத்த பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிவிட்டால் அந்தக் கணமே செத்த பந்தாம். எடுத்துக்கொண்டு ஓட முடியாதாம்.

"டிவியில ஓடுறாங்களே?" என்றேன்.

"டிவியில ஓடுறவன் சம்பளம் வாங்குறான், மார்லிஸ். இது பள்ளிக்கூடம். வேற விதி."

பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆட்டம். பாதி தெரியாமலேயே பார்த்திருக்கிறேன்! அதில் எதற்கு இவ்வளவு சந்தோஷம்?

ஆகஸ்ட் 20

இரவுச் சாப்பாட்டில் உப்பு, மிளகுப் புட்டிகளை வைத்து என் கணவன் பாய்ட் எனக்கு அணி அமைத்துக் கொடுத்தான். கெட்சப் புட்டி முந்திக்கொண்டு நகர்ந்ததும், தப்பாட்டம் என்று நடுவர் வீசுகிற மஞ்சள் துணியை வீசினேன்.

"கட்டிக்கிட்டது மாட்டு டாக்டர் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவளை. இப்ப வீட்ல போலீஸ்காரி இருக்கா!"

செப்டம்பர் 6, வெள்ளி

முதல் ஆட்டம், சின்ன வகுப்புப் பையன்கள். விசிலை விழுங்காத குறை.

செப்டம்பர் 27

பக்கக்கோட்டு நடுவர் ஒருவருக்குத் தோள் பிசகிவிட்டது. அடுத்த வெள்ளி பெரிய பையன்கள் ஆட்டத்துக்கு நான் போகிறேன். நான்! பிளம் ஃபோர்க் ஊரில், டீக் கோச்சின் மைதானத்தில். அவர் கத்தினால் சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்பார்கள்.

அக்டோபர் 5, சனி

நேற்றைய ஆட்டத்தை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

பிளம் ஃபோர்க் ஒரு புள்ளி பின்னால். இரண்டே நொடி பாக்கி. எதிரணி உதைத்த பந்தை இவர்கள் பையன் ஆண்டர்ஸ் கையை மேலே ஆட்டிச் சைகை காட்டிப் பிடித்தான். அப்படிப் பிடிப்பவனை யாரும் தொடக் கூடாது, அவனும் ஓடக் கூடாது. டீக் கோச் என் பக்கம் பாய்ந்து வந்தார்.

"மேடம்! தடையில்லா உதை கேக்குறேன்! கோலுக்கு!"

என் முதுகு சிலிர்த்தது. அப்படி ஒரு விதி இருக்கிறது! சைகை காட்டிப் பிடித்த இடத்திலேயே பந்தை வைத்து, குறுக்கே யாரும் பாய்ந்து வராமல் கோலுக்கு உதைக்கலாம். எதிரணி பத்து கஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும். யாரும் கேட்பதே இல்லை. ஆரினிடம் ஓடினேன். எங்கள் குழுவின் இளைஞன் கிப், "அது பழைய காலத்து விதி இல்லியா? எடுத்திருப்பாங்களே?" என்றான்.

"இருக்கு," என்றேன். "ரெண்டு கோல் கம்பத்துக்கும் நடுவுல போனா மூணு புள்ளி."

ஆரின் என்னை ஒரு முறை பார்த்தார். "இருக்கு. போய்க் கம்பத்துக்குக் கீழ நில்லுங்க."

கிப் இடது கம்பம். நான் வலது. அரங்கமே எழுந்து நின்றது. என்ன நடக்கிறதென்று ஒருவருக்கும் புரியவில்லை. ஆண்டர்ஸ் நிதானமாக ஓடி வந்து உதைத்தான். என்ன ஒரு உதை! பந்து உயர எழும்பி என் கம்பத்தை நோக்கியே வந்தது. கம்பத்தின் உச்சியையும் தாண்டி, நேர் மேலே. உள்ளே இல்லை. வெளியேயும் இல்லை. மேலே.

கம்பத்தின் உள்விளிம்புக்கு உள்ளே போனால்தான் கோல். கையைக் குறுக்கே வீசினேன். இல்லை.

டீக் முகம் சிவந்து வந்தார். "ஒரு விரல் அளவு கூடவா உள்ள போகல?"

"இல்ல, கோச். நேர் மேல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

தொப்பியைத் தரையில் அடித்துவிட்டுப் போனார். மிச்ச நொடியில் எதிரணி பந்தோடு முட்டி போட்டு நேரத்தைக் கடத்தி ஆட்டத்தை முடித்தது. ஆண்டர்ஸ் புல்லில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. காரில் ஆரினிடம் கேட்டேன்: "சரியாத்தானே பாத்தேன்?"

"கீழ நின்னது நீங்க. நான் இல்ல."

சரிதான். சரியேதான்... அந்தப் பையன் முகம்.

அக்டோபர் 8

ஆஸ்பத்திரிக்குக் கன்றுக்குட்டி கொண்டுவந்த ஒருவர், "கோலைத் திருடினது நீதானே?" என்றார். கன்றுக்கு ஊசி போட்டோம்.

அக்டோபர் 24

தகுதிச் சுற்றுக்கு நடுவர்களை அறிவிக்கிறார்கள். வேண்டாத நடுவர் பெயரைக் கோச்சுகள் அடித்துவிடலாம். டீக் என் பெயரை அடித்திருப்பார். நானாக இருந்தால் அடிப்பேனா? தெரியாது.

அக்டோபர் 26

ஆரின் கூப்பிட்டார். பிளம் ஃபோர்க். அதே மைதானம்! டீக் என் பெயரை அடிக்கவில்லை! ஃபோனை வைத்ததும் சமையலறையில் ஒரு சுற்று குதித்தேன். பாய்ட் கெட்சப் புட்டியைத் தூக்கிக் காட்டினான்.

நவம்பர் 1, வெள்ளி

எலும்பைக் குடையும் குளிர். ஆட்டத்துக்கு முன்னால் டீக் வந்து கை கொடுத்தார்.

"வீடியோவைப் பாத்துப் பாத்துக் கண்ணே போச்சு, மேடம். நேர் மேலதான்."

நான் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள், "ஆண்டர்ஸ்கிட்ட சொல்லிட்டேன், இன்னிக்கு உள்ளுக்குள்ள அடிடான்னு," என்றார்.

சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு என் கோட்டுக்கு ஓடினேன்.

மூன்றாம் கால்பகுதியில் அவன் உதைத்தான். இரண்டு கம்பத்துக்கும் சரியாக நடுவில். கோல் என்று இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.