ஐந்து சுக்கான் பாட்டு

11 ஓகஸ்ட் 1985, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது ஒழுங்கையில் சின்னதுகள் என் பாட்டைப் பாடிக்கொண்டு ஓடின. தம்பி சிமியோனின் ‘சுழிக்காற்று’ பாட்டுக் குழு மீனவர் சங்க விழாவுக்கு அதைப் பழகத் தொடங்கி இரண்டு கிழமைதான். மின் கிற்றாரும் றம் மேளமுமாகக் காதைப் பிளக்கிறார்கள். ஆனாலும் சொல் விளங்குகிறது, அதுதான் எனக்கு வேண்டும்.

ஒரு வள்ளம் அஞ்சு சுக்கான்
ஆளுக்கொரு திசை பிடிச்சான்
நங்கூரம் எடுக்க ஆருமில்லை
நாங்கள் எங்கை போறம் மச்சான்

எழுதியது நான் என்று வீட்டுக்கு மட்டும் தெரியும். கல்யாணமாகாத குமர்ப்பிள்ளைக்கு றொக் பாட்டு என்னத்துக்கு என்பார்களாம். அதனால் தம்பி, தான் எழுதியதாகச் சொல்லித் திரிகிறான். பரவாயில்லை. உண்மையிலேயே பரவாயில்லையா?

14 ஓகஸ்ட்

பங்குச் சுவாமி தம்பியிடம் கேட்டாராம்: “அஞ்சு சுக்கான் எண்டது எங்கடை கோயில் சபையோ?” மீனவர் சங்கத் தலைவரோ தன் நிர்வாகத்தைத்தான் நக்கலடித்திருக்கிறது என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். சந்தையில் எல்லாரும் துவக்குத் தூக்கின ஐந்து இயக்கங்களைத்தான் என்கிறார்கள்.

தாளத்துக்காக ஐந்து போட்டேன், நாலு இடிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். யாரைச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு பாட்டில் இத்தனை பேர் தங்களைக் கண்டுபிடித்தால் அது நல்ல பாட்டுத்தானே.

17 ஓகஸ்ட்

இயக்கப் பெடியள் வந்து சிமியோனை நாளைக்கு முகாமுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள். பாட்டுக்கு விளக்கம் வேண்டுமாம். மூன்றாம் சரணத்தின் இந்த இரண்டு வரிதான் அவர்களை உறுத்துகிறதாம்:

கேள்வி கேட்டவன் தண்ணிக்குள்ளை
கேளாதவன் அணியத்திலை

அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. நான் எழுதினதுக்கு அவன் போய் நிக்கிறதோ? ஏலாது. ஏலவே ஏலாது.

18 ஓகஸ்ட்

தம்பியை வாசலில் நிற்பாட்டிவிட்டு நான் உள்ளே போனேன். “எழுதினது நான். பேர் மக்டலீன்” என்றேன். பொறுப்பாளர் சின்ன வயது. தாளில் எழுதி வைத்த பாட்டை வாத்தியார் மாதிரி வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

“வள்ளத்துக்கு முன்னாலை, அணியத்திலை இருக்கிறது ஆர் அக்கா?”

“தம்பி, அம்பா கேட்டிருக்கிறீங்களோ? வலை இழுக்கேக்கை சம்மாட்டியை முகத்துக்கு நேரை நக்கலடிச்சுப் பாடுவினம். வலைக்குச் சொந்தக்காரன் எண்டாலும் அவர் சிரிச்சுக்கொண்டு நிக்க வேணும். கோபிச்சால் அடுத்த நாள் வலை இழுக்க ஆள் வராது. இதும் அம்பாதான், கிற்றாரோடை.”

பொறுப்பாளர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“என்ரை அப்பரும் சம்மாட்டிதான்” என்றார் கடைசியில். “மற்றதைப் பாடுங்கோ. அந்த ரெண்டு வரியை உங்கடை தம்பி மேடையிலை பாடக் கூடாது.”

ஓம் என்றேன். வாசலில் என்னைக் கண்டதும் சிமியோன் அழுதுவிட்டான்.

25 ஓகஸ்ட்

சங்க விழா. அந்த இடம் வந்ததும் சிமியோன் நான் கொடுத்த சொல் தவறாமல் வாயை இறுக மூடிக்கொண்டான். கிற்றார் மட்டும் போனது. இரண்டு வரியையும் சனம் பாடியது. சின்னதுகள், மீன் விற்கிற பெண்கள், கோயில் சபைக்காரரும்கூட. மேடைக்குப் பக்கத்தில் நின்ற பொறுப்பாளரைப் பார்த்தேன். சிரிக்கத்தான் பார்த்தார், சரியாக வரவில்லை. ஆனால் தடுக்கவில்லை.

முடிவில் சிமியோன் ஒலிவாங்கியில் சொன்னான்: “பாட்டு எழுதினது என்ரை அக்கா மக்டலீன்.” அம்மா என் முதுகைத் தடவினா. எனக்கு ஒரே பெருமை. ஏன் மறைக்க வேண்டும்?

2 செப்ரெம்பர்

விடியக் கரைக்குப் போனேன். என் பாட்டைப் பாடித்தான் வலை இழுத்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் நான் எழுதாத சரணம் ஒன்று எழும்பியது:

ஆறாம் சுக்கான் கரையிலையாம்
அக்கா பேனை பிடிக்கிறாவாம்
கால் நனையாமல் கடலோட்ட
திசைகாட்டி அவவின்ரை கொண்டையிலாம்

இழுத்த அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு சேலையைத் தூக்கிச் செருகி, தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தேன்.