லிம்பானியின் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது

ஜனவரி 9, வியாழன்

நீர்வள அலுவலகம் வந்ததும் சர்வரில் ‘டாப்’ என்று தட்டினேன். ஓடுகிற நிரல்கள் எல்லாம் வரிசைகட்டி நின்றன. முதல் வரியில் வழக்கம்போல என் சீனியர் லிம்பானி அண்ணன் பெயர். ஆள் சிறுநீரகம் கெட்டு பிளாண்டயர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தொடங்கி வைத்துவிட்டுப் போன கணக்கு மட்டும் இங்கே ஓடுகிறது. ஷிரே ஆற்றுப் படுகையின் மழைப் பதிவு மொத்தத்தையும் விழுங்கி, வெள்ளம் எப்படிப் பரவும் என்று சொல்லப்போகும் கணக்கு. அவருடைய டாக்டர் பட்டமே அதில்தான். முடிந்தால்தான் விடையை எழுதும். பாதியில் நிறுத்தினால் ஓர் எழுத்தும் மிஞ்சாது.

வெகு கீழே எச்சரிக்கை நிரல். அதையும் எழுதியவர் அவர்தான். ஆறு ஏறினால் கரையோரக் கிராமத் தலைவர்களின் செல்போனுக்குச் செய்தி அனுப்பும். சின்னது, சமர்த்து.

ஜனவரி 14

ஆஸ்பத்திரி. என்னைக் கண்டதும் அண்ணன் கேட்பது ஒன்றுதான்.

“தெம்வா, ஓடுதா?”

“ஓடுதுண்ணே. முக்கால்வாசி மெமரி உங்களுக்குத்தான்.”

“என் வீட்ல கூட எனக்கு அவ்வளவு போடுறதில்ல.”

அவர் மனைவி லோனெஸ் அக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். “போட்டா மட்டும் திங்கிறாரான்னு கேளு.”

சிரித்தோம். அவர் கால் வீங்கியிருந்ததைப் பார்க்காததுபோல இருந்தேன்.

ஜனவரி 22

எச்சரிக்கை நிரல் செத்துக் கிடந்தது. எழுப்பினேன். மத்தியானம் மறுபடி.

காரணம் தெரிந்ததுதான். அண்ணனின் கணக்கு நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறது. மெமரி தீர்ந்துபோனால் இயந்திரமே ஒரு நிரலைப் பொறுக்கிக் கொன்று இடம் பண்ணிக்கொள்ளும். ஆனால் பெரிதைத்தானே கொல்ல வேண்டும்? இந்தக் குஞ்சை ஏன்?

டைரக்டர் கம்பலாமே மேடத்திடம் போனேன்.

“புது மெமரி அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம். லிம்பானியோடதை நிறுத்திடேன்.”

“மேடம், அவர் இருக்கிற நிலைமையில...”

“தெரியும்மா.” பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீயே ஒரு முடிவு பண்ணு.”

என் தலையில் கட்டியாயிற்று.

ஜனவரி 23

அவர் கணக்கின் முன்னுரிமையைக் குறைத்துப் பார்த்தேன். அந்தக் கட்டளைக்கு ‘நைஸ்’ என்று பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணன் சொன்னது: “எண்ணைக் கூட்டக் கூட வரிசையில பின்னாடி போயிடும். ரொம்ப நல்லவனுக்கு எப்பவும் கடைசிப் பந்திதான்.” பிரயோசனமில்லை. ஓடும் வேகம் குறைந்தது, மெமரியில் பிடித்த இடத்தை விடவில்லை. கொஞ்ச நேரம் உறங்க வைத்தும் பார்த்தேன் — உறக்கத்திலும் விடுவதாயில்லை.

மிச்சம் ஒரே கட்டளைதான், கணக்கைக் கொல்வது. கை போகவில்லை. என்னால் முடியாது.

எச்சரிக்கை நிரல் செத்தால் தானாக எழுப்பிவிட ஒரு சின்ன நிரல் எழுதி வைத்தேன். போதும். போதுமா?

ஜனவரி 26, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. தேவாலயத்தில் கூரைச் சத்தத்தில் பிரசங்கம் கேட்கவில்லை. அலுவலகத்துக்கு ஒரு நடை போகலாமா என்று நினைத்தேன். மினிபஸ் ஓடவில்லை. போகவில்லை.

ஜனவரி 27

ஷிரேயில் கலக்கும் ருவோ ஆற்றின் கரை உடைந்துவிட்டது. ம்பெண்டெரா என்கிற கிராமம். ஒரு தாய், இரண்டு பிள்ளைகள் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். வானொலியில் சொன்னார்கள்.

செய்தி போகவில்லை. எச்சரிக்கை நிரல் எழுந்திருக்கிறது, செத்திருக்கிறது, எழுந்திருக்கிறது, செத்திருக்கிறது. நேற்று முழுக்க. நான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன். வியாழக்கிழமையே தெரியுமே. தெரிஞ்சுதானே விட்டேன்.

ஜனவரி 28

குஞ்சை ஏன் என்பதற்கு விடை கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

இடம் தீர்ந்தால் யாரை முதலில் கொல்வது என்று ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு. அண்ணனின் கணக்குக்கு ‘எக்காலத்திலும் தொடாதே’ என்கிற எண் போட்டிருக்கிறது. அதைப் போடும் அதிகாரம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான். நான் போடவில்லை. பெரியதைத் தொட முடியாத இயந்திரம் அடுத்துக் கிடைத்ததைக் கொன்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு உட்கார்ந்து போட்டிருக்கிறார். எச்சரிக்கை நிரலை எழுதிய அதே கை.

‘கில்’ தட்டினேன். முதலில் மரியாதையாக. அசையவில்லை, அதற்கும் செவிடாக இருக்கும்படி எழுதியிருக்கிறார். பிறகு ‘கில் ஒன்பது’ — எந்த நிரலும் மறுக்க முடியாதது.

போய்விட்டது. மெமரி அவ்வளவும் காலி. அழக்கூட வரவில்லை.

ஜனவரி 29

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஜனவரி 31

சத்தம் போட வேண்டும் என்றே போனேன். தலைமாட்டில் ரேடியோ. செய்தியை அவரும் கேட்டிருக்கிறார். லோனெஸ் அக்காவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார்.

“ம்பெண்டெராவுக்கு செய்தி போகலையா?”

“போகல.”

“அந்த எண்ணைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“இடம் பத்தாம போகும்னு நினைக்கல, தெம்வா. சத்தியமா. என்னுது மட்டும் முடிஞ்சிடட்டும்னு...” நிறுத்தினார். “கொன்னுட்டியா?”

“கொன்னுட்டேன்.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, வெட்கமா? முதுகைப் பார்த்து என்ன தெரியும்? அக்கா தண்ணீரோடு வந்தபோது கிளம்பினேன்.

பிப்ரவரி 6

லோனெஸ் அக்கா போன் பண்ணினாள். ரத்தம் சுத்தம் செய்ய இனி வரமாட்டேன் என்கிறாராம். “போதும்”னு சொல்றாராம்.

பிப்ரவரி 13

சோம்பாவில் அண்ணனை அடக்கம் செய்தோம். சேற்றில் கால் வழுக்க வழுக்கப் பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். கம்பலாமே மேடம் அவர் சேவையைப் பற்றிப் பேசினார்.

எல்லாம் முடிந்து லோனெஸ் அக்கா என் கையைப் பிடித்தாள்.

“நீதான் நிறுத்தினியாமே. அவரே சொன்னாரு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருக்கலாம்ல, தெம்வா? அந்த ஒண்ணுக்காகத்தானே உசுரைப் பிடிச்சுட்டு இருந்தாரு?”

அப்படியென்றால் அந்த எண்ணைப் பற்றி அவர் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. “மன்னிச்சிருங்கக்கா” என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 3

நேற்று மாலை ருவோ மறுபடி ஏறியது. செய்தி எல்லா ஊருக்கும் போயிருக்கிறது, காலையில் சரிபார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலுவலக போன் அடித்தது. ம்பெண்டெரா கிராமத் தலைவர்.

“செய்தி வந்துச்சும்மா. எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துல இருக்கோம். ஆடு மாடு உட்பட.”

“நல்லதுங்க ஐயா.”

“போன தடவை மட்டும் ஏம்மா வரல?”

வாயில் வந்தது ஒன்றுதான். “எங்க தப்புங்க.”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. யாரோ அதை அதட்டினார்கள்.

“இங்க மழை விட்டிருச்சு,” என்றார். “அங்க எப்படி?”

“இன்னும் பெய்யுதுங்க,” என்றேன்.