கேட்டில் தொங்கும் நூற்றுக்கு நூறு

நவம்பர் 15, சனி

விடியலிலிருந்தே மழை. பருத்திப்பட்டு ஏரி ரோட்டைத் தொட ஒரு முழம்தான் பாக்கி என்றார் பால்காரர். போய்ப் பார்த்தேன். இரண்டு முழம்.

எடுத்துப் போனவை: குடை, பழைய பேப்பர் ஆறு, சாக்பீஸ் (போன வாரம் அங்கே இல்லை), பிரஷர் மாத்திரை.

பள்ளியில் எனக்கு நாலாவது சனி வகுப்பு. பத்தாம் வகுப்பு 'ஏ'. மல்லிகா டீச்சர் ஏற்பாடு. தமிழ் எடுப்பவர். ஓய்வுபெற்ற நிருபர் ஒருவர் சேக்காட்டில் சும்மா இருக்கிறார் என்று யாரோ சொல்ல, வீடு தேடி வந்து கூப்பிட்டார். ஒரு செய்தியை எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். தாளாளரிடம் 'பொது அறிவு வகுப்பு' என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறார்.

இன்றைய பாடம்: நேற்று மாலை எல்லார் வீட்டு போனுக்கும் வந்த 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை'. கலெக்டர் பெயர், முத்திரை, எல்லாம் சரி. தேதி மட்டும் போன வருஷத்தது. கண்டுபிடித்தவள் முதல் பெஞ்சு பவித்ரா. கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்தவனிடம், "மச்சான், இத்த கண்டுபுட்ச்சா நம்புளுக்குத்தான்டா லாஸு."

போர்டில் எழுதியவை:
1. யார் சொல்வது?
2. அவருக்கு எப்படித் தெரியும்?
3. யாரைக் கேட்கவில்லை?

மூன்றாவதை அடிக்கோடிட்டேன். யார்மேல் குற்றம் சொல்கிறோமோ அவரைக் கேட்காமல் ஒரு வரி எழுதக்கூடாது, அவர் மந்திரியானாலும் நேரே போய் நின்று கேட்கவேண்டும் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

வீட்டுப்பாடம்: தினமும் கண்ணில் படும் அச்சிட்ட வாசகம் ஒன்று. பற்பசை டப்பா, பஸ் விளம்பரம், எதுவானாலும். மூன்று கேள்விகளும் கேட்டு ஒரு பக்கம்.

வரும் வழியில் செருப்பு வார் அறுந்தது.

நவம்பர் 17, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். துணி எதுவும் காயவில்லை.

மதியம் 1.40, மல்லிகா டீச்சரிடமிருந்து போன். குரல் தாழ்த்திப் பேசினார், கழிவறைப் பக்கம் நின்று பேசுவதாகச் சொன்னார். விஷயம்:

பவித்ரா வீட்டுப்பாடத்துக்கு எடுத்தது பள்ளி கேட்டில் தொங்கும் ஃப்ளெக்ஸ். 'பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி'. கீழே போன வருஷப் பிள்ளைகளின் படங்கள். அதில் திவ்யா இல்லை. மண்ணூர்பேட்டைப் பெண், பவித்ராவோடு ஒரே வேனில் வந்தவள். போன வருஷம் காலாண்டுத் தேர்வு முடிந்ததும், பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலை அரசுக்கு அனுப்பும் முன்பாக, சரியாகப் படிக்காத நாலு பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள், திவ்யா அதில் ஒருத்தி என்று எழுதியிருக்கிறாள். அந்த நாலு பேரும் தேர்வு எழுதியிருந்தால் கேட்டில் இந்த வாசகம் இருந்திருக்குமா என்றும் ஒரு வரி.

எழுதியதோடு விடவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்கு நேரே போய் நின்றிருக்கிறாள். "சார், இதுக்கு உங்க பதில் என்ன சார்? எதிர்த்தரப்பக் கேக்காம எழுதக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." யார் சொன்னது என்று அவர் கேட்டிருக்கிறார். என் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

சனி வகுப்பு ரத்து. பவித்ராவின் அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சரிடம் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள்.

நான் எந்த மந்திரி முன்னால் நின்றபோதும் எனக்குப் பின்னால் ஒரு பத்திரிகை ஆசிரியர், ஒரு வக்கீல், சட்டைப்பையில் நிருபர் அட்டை. கேள்வியை மட்டும் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். மற்றவை என்னிடமே இருந்தன.

செருப்பு தைக்கக் கொடுக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

காலை தூறல். 7.15க்கு வாசலில் பவித்ராவின் அப்பா. முருகேசன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸ் வாசம், சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். ஷிப்டுக்குப் போகும் வழி, டிபன் பை தோளில். காபி வேண்டாம் என்றார்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தாளாளர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். பவித்ரா ஒரு கடிதம் தரவேண்டும்: 'உண்மைக்குப் புறம்பான தகவலைப் பரப்பியதற்கு வருந்துகிறேன்.' வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குள். இந்த வருஷத் தேர்வுப் பட்டியல் அன்று மதியம் போகிறது. கடிதம் இருந்தால் அவள் பெயர் அதில் இருக்கும். இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம்.

"எழுதுதியான்னு கேட்டேன். பொய்னு யாரு நிரூபிச்சான்னு என்னயே திருப்பிக் கேக்கா."

டிபன் பையை மறு தோளுக்கு மாற்றினார்.

"நீங்க சொல்லிக் குடுத்துட்டுப் போயிருவிய சார். அவ அங்கனதான படிக்கணும். நீங்க ஒரு வார்த்த சொன்னா எழுதிருவா."

சொல்கிறேன் என்றேன். எழுதச் சொல்கிறேன் என்றா, பேசுகிறேன் என்றா? அவர் முதலாவதாகத்தான் எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 19, புதன்

மழை விட்டு விட்டு. தாளாளரைப் பார்க்கப் போனேன், 11 மணி. நல்ல மரியாதை. டீ, உப்பு பிஸ்கட். பிள்ளைகளுக்கு உதவுகிறீர்கள், சந்தோஷம், ஆனால் வயதுக்கு மீறிய விஷயங்கள் வேண்டாமே என்றார். அந்த நாலு பேரும் பெற்றோர் விரும்பியதால் போனவர்கள், டி.சி.யிலேயே அப்படித்தான் இருக்கும் என்றார். (குறிப்பு: டி.சி.யைப் பார்க்க வேண்டும்.)

பிறகு நாற்காலியைத் திருப்பிச் சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்ட பேப்பர் கட்டிங். 'நூற்றுக்கு நூறு: தொடரும் சாதனை.' தாளாளர் பிள்ளைகளுக்கு லட்டு ஊட்டும் படம்.

"உங்க பேப்பர்லயே வந்திருக்கே சார். இதவிட என்ன ஆதாரம் வேணும்?"

எங்கள் பேப்பர்தான். வட்டாரப் பக்கம், இந்த மே மாதத்தது, நான் ஓய்வுபெறும் முன். நிருபர் பெயர் இல்லை. ஆனால் 'ஒருவரும் விடுபடாமல் அனைவரும் தேர்ச்சி பெற்று' என்ற வரி என்னுடையது. தேர்வு முடிவு வரும் நாளில் ஒவ்வொரு பள்ளியும் ஒரு காகிதமும் ஒரு படமும் கொடுத்தனுப்பும். மேசை நிறைந்துவிடும். ஆளுக்கு இரண்டு பத்தியாகத் திருத்திப் போட்டுக்கொண்டே இருப்போம். வருஷ ஆரம்பத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு பள்ளியையும் நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை.

ஒருவரும் விடுபடாமல்.

வாயில் பிஸ்கட் இருந்தது. எழுந்து வந்தேன்.

மாலை 6, குவார்ட்டர்ஸ். முருகேசன், பவித்ரா. அம்மா சமையலறை வாசலில். கடிதத்தை எழுதிவிடு, தேர்வுதான் முக்கியம், ஒரு கடிதத்தால் உண்மை மாறாது என்று சொல்ல வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். முதல் வாக்கியம் முடியும் முன்பே அவள் கேட்டுவிட்டாள்.

"சார், அந்த லெட்டர்ல இருக்கிறது உண்மையா பொய்யான்னு நான் யார்கிட்ட சார் கேக்கறது?"

அம்மா குக்கரை இறக்க உள்ளே போனார்.

வேறு ஒன்று கேட்டேன். திவ்யாவைப் பார்த்தாயா? பேசினாயா? தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை. எல்லாம் வேனில் மற்றவர்கள் பேசிக்கொண்டது. தாளாளரைக் கேட்டாள், திவ்யாவைக் கேட்கவில்லை. எனக்கும் இது மூன்று நாளாகத் தோன்றவில்லை. எந்தச் செய்திக்கும் முதலில் போகவேண்டிய வீடு அது.

நவம்பர் 20, வியாழன்

பலத்த மழை. மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் கணுக்கால் தண்ணீர். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் லாரிகள் அலையடித்துக்கொண்டு போகின்றன. தைத்த செருப்பு மறுபடி போச்சு.

திவ்யா வீடு, பகல் 12.30. பின்கட்டில் ஓர் அறை. அம்மா லட்சுமி எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, சாப்பிட வந்திருந்தார். திவ்யா இப்போது டுடோரியலில் படிக்கிறாள், தனித்தேர்வராக எழுதப்போகிறாள்.

யார் என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன். திவ்யா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"என் பேர இன்னாத்துக்கு சார் இஸ்துகினு வர்றீங்க? படிப்பு ஏறலன்னு தொரத்துனாங்கோ. அது எனுக்குத் தெரியும், எங்கம்மாவுக்குத் தெரியும். இங்க அக்கம்பக்கத்துல, வேனு செட் ஆவலன்னு சொல்லிகீறோம். இப்ப அந்தப் பொண்ணு நோட்டு போட்டு எய்தி ஊருக்கே படிச்சிக் காட்டுது."

பவித்ரா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்றேன். தெரியும் என்றாள். அந்தப் பெண் வேனில் தனக்கு ஜன்னல் சீட் விட்டுக்கொடுப்பாள் என்றாள். கோபம் கொஞ்சம் இறங்கியது. பிறகு மீண்டும் இறுகிக்கொண்டாள்.

டி.சி.யைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அம்மா எடுத்து வந்தார், பிளாஸ்டிக் கவரில். பள்ளியை விட்டு நீங்கும் காரணம்: 'பெற்றோர் விருப்பம்.'

லட்சுமி: "இன்னா விருப்பம்? கையெயுத்துப் போட்டாதான் சர்டிபிகேட்டு, இல்லாங்காட்டி வேற எங்கியும் சேத்துக்க மாட்டாங்கோன்னாங்க. போட்டன். அந்த வரி அப்ப காலியாத்தான் இருந்துச்சு."

(காலியாக இருந்தது: அவர் சொல்வது மட்டுமே. வேறு சாட்சி இல்லை.)

ஒரு நகல் கேட்டேன். திவ்யா கவரை அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வோணாம் சார். நான் பாஸே பண்ணாலும் அப்பாலயும் தொரத்துனவதான்னு ஆய்டும்."

வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது, வெள்ளி பத்தரைக்குப் பள்ளியில் பேச்சு என்று மட்டும் சொன்னேன். திவ்யாவிடம் சொல்வதுபோல, அம்மாவைப் பார்த்து. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

மாலை முருகேசனுக்கு போன். ஆதாரம் கிடைக்கவில்லை, கடிதம் பற்றி நீங்களும் அவளுமே முடிவு செய்யுங்கள் என்றேன். "சரி சார்" என்று ஒரே சொல். வைத்துவிட்டார்.

நவம்பர் 21, வெள்ளி

வானம் மூடியிருந்தது. மழை இல்லை. காலை மாத்திரை போட மறந்தேன்.

தாளாளர் அறை, 10.25. இருந்தவர்கள்: தாளாளர், மல்லிகா டீச்சர், முருகேசன் (லீவு போட்டிருந்தார்), பவித்ரா, நான். மேசைமேல் கடிதம் தயாராக, ஆபீஸில் டைப் அடித்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. பக்கத்திலேயே பட்டியல், கிளிப் போட்டு.

முதலில் என் காகிதத்தை நீட்டினேன். காலையில் எழுதியது, நாலு வரி. 'திருத்தம். சுவரில் உள்ள செய்தியை எழுதியவன் நான். பள்ளி கொடுத்த குறிப்பை மட்டும் வைத்து எழுதினேன். இடையில் யாராவது விடுபட்டார்களா என்று கேட்கவில்லை. இதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.' கையெழுத்து, தேதி.

படித்தார். பேப்பர்வெயிட்டின் கீழ் வைத்தார். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை சார் என்றார். பேனாவை பவித்ரா பக்கம் தள்ளினார்.

அவள் கடிதத்தை ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். அப்பாவைப் பார்த்தாள். முருகேசன் பார்வையை விலக்கிக்கொண்டு, "போடு தாயி" என்றார். பேனா மூடியைத் திறந்தாள்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். யாரோ ஒரு அம்மா வந்திருக்கிறார், போகச் சொன்னாலும் போகமாட்டேன் என்கிறார் என்றார். அவர் முடிக்கும் முன்பே லட்சுமி உள்ளே வந்துவிட்டார். கேன்டீன் யூனிபாரம் புடவை, கீழ்ப்பகுதி முழுக்கச் சேறு. ஒரு மணி நேர பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கூட திவ்யா இல்லை.

யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து டி.சி.யை எடுத்து மேசையில் வைத்தார். அந்த வரியின்மேல் விரல்.

"இத்த நான் சொல்லல சார். யாரு எய்தினாங்களோ அவங்களக் கூப்புடுங்கோ."

தாளாளர் பார்த்தார். விரல் எடுக்கப்படவில்லை. என்னைப் பார்த்தார், பேப்பர்வெயிட்டைப் பார்த்தார், மறுபடி அந்த விரலை. கடைசியில் பவித்ராவிடம், நீ வகுப்புக்குப் போம்மா என்றார். கடிதம்? அப்புறம் பார்க்கலாம். கிழிக்கவில்லை. டிராயரில் வைத்துப் பூட்டினார். பட்டியலை மல்லிகா டீச்சர் வாங்கிப் புரட்டினார்; பவித்ரா பெயர் இருந்த இடத்தில் நிறுத்தி எனக்குத் தலையசைத்தார்.

வராந்தாவில் பவித்ரா ஓடிவந்து லட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். திவ்யா அக்கா அனுப்பினார்களா என்று கேட்டாள்.

"அவளுக்குத் தெரியாது. சொல்லாத கண்ணு. நோட்டுலயும் எய்தாத." பஸ்ஸைப் பிடிக்க அவசரமாகப் போய்விட்டார்.

பட்டியல் போய்விட்டது என்று 3.10க்கு டீச்சரின் மெசேஜ். அவர் விளக்கக் கடிதம் இன்னும் நிலுவை.

நவம்பர் 22, சனி

மழை. வகுப்பு இல்லை.

7 மணிக்கு முருகேசன், ஷிப்டுக்குப் போகும் வழியில். இன்றைக்குக் காபி குடித்தார். பவித்ரா கொடுத்தனுப்பிய நோட்டை வைத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை தர வேண்டியது, வகுப்பு இல்லாவிட்டாலும் தர வேண்டும் என்றாளாம்.

ஃப்ளெக்ஸ் பற்றிய பக்கம் இல்லை. கிழித்த அடையாளம் ஓரத்தில். அடுத்த பக்கத்தில் என் மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் எதிரே காலி. மூன்றாவதில்:

'யாரைக் கேட்கவில்லை? திவ்யா அக்காவை. கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். லட்சுமி அம்மாவும் அக்காவைக் கேட்கவில்லை. நீங்களும்.'

காய்கறி வாங்கப் போகும்போது பள்ளி வழியாகப் போனேன். ஃப்ளெக்ஸ் அப்படியேதான். ஒரு மூலை கயிறு அறுந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் ஏணி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

சிவப்புப் பேனா மேசையில். நோட்டும் மேசையில். திவ்யா டுடோரியல் விட்டு வருவது நாலரைக்கு. இப்போது 3.20. குடையைத் தேடவேண்டும்.